பூண்டுத் தண்டும் லயத்துக் கொல்லையும்

வெள்ளைப்பூண்டு பூக்குமா என்று 2023ஆம் ஆண்டுக்கு முன் எவரேனும் என்னைக் கேட்டிருப்பின், பூக்காது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் தமிழும் கற்பித்தவன் நான். பூண்டு பல்லால் இனம்பெருகும் தாவரம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எழுதியது பிழையன்று. ஆயினும் பூண்டுச் செடியின் நடுவிலிருந்து ஒரு தண்டு புறப்படும், அது பாம்பைப்போலச் சுருளும், அதைக் கொய்து கறி சமைக்கலாம் என்பதை என் ஐம்பத்தெட்டாம் வயதில், கடல்கடந்த ஒரு வீட்டின் கொல்லைப்புறத்திலேதான் கண்டேன்.

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில் பூண்டைப் பற்றிப் பேசுவதா என்று முகஞ் சுளிப்பாரும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மத்திய ஆசியாவின் குச்சா என்னுமிடத்தில் 1890ஆம் ஆண்டில் கிடைத்த பழைய வடமொழி ஏட்டுச் சுவடியொன்றை அறிஞர் உலகம் பவர் சுவடி என்று போற்றுகிறது. அச்சுவடியின் முதற் பகுதி பூண்டின் பெருமை பற்றியது, அதுவும் செய்யுளில். ஆகவே இடம் பிழைத்துப் புகுந்துவிட்டேன் என்ற கூச்சம் எனக்கில்லை. கனடாவில் கண்ட அந்தத் தண்டை நம் மலைநாட்டில் நாம் ஏன் காணவில்லை என்பதே என் வினா. விடை தேடப் புகுந்தபோது அதன் ஒரு பாதி வானத்திலும், மறுபாதி காணி உறுதியிலும் கிடப்பதைக் கண்டேன். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

என் சித்தியின் மகள் பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்து, மணமாகிக் கனடா சென்றவள். ரொறன்ரோ நகருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு வீடு. வீட்டின் பின்னே ஒரு துண்டு நிலம். ஆனி மாதத்தில் ஒரு காலை, பனி உலர்ந்த பின்னர், கையில் ஒரு சிறு கத்தியுடன் என்னை அழைத்துச் சென்றாள். “அண்ணே, இதைப் பாருங்க, நம்ம ஊர்ல பாத்திருக்க மாட்டீங்க” என்றாள். நான்கு வரிசைப் பூண்டு. இலைகள் தட்டையாய், அகன்று, இருபுறமும் மடிந்து நின்றன. ஒவ்வொரு செடியின் நடுவிலிருந்தும் பென்சிற் பருமனில் உருண்டையான ஒரு பச்சைத் தண்டு மேலே எழுந்து, பின் தானே வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நுனியிற் கொக்கின் அலகைப்போலக் கூரிய ஒரு மொட்டு. இலத்தீனில் இவ்வகைப் பூண்டுக்குப் பாம்புப் பூண்டு என்னும் பொருள்பட ‘ஓபியோஸ்கோரோடோன்’ என்று பெயரிட்டவர்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெயரிட்டிருக்க வேண்டும்.

தண்டு ஒரு சுற்றுச் சுற்றிய நிலையிற் கொய்துவிட வேண்டும் என்றாள். இரண்டாம் சுற்றுக்கு விட்டால் நாரேறிவிடும். அதற்குமேலும் விட்டால் நிமிர்ந்து விறைத்து விறகாகிவிடும். மேலிலைக்குச் சற்று மேலே, இலையைக் காயப்படுத்தாமல் அறுப்பது முறை. கையால் வளைத்து ‘படக்’கென்று ஒடிப்பாரும் உண்டு. ஒடியுமிடத்துக்கு மேலே இளசு, கீழே முற்றல் என்பதை ஒடிதலே காட்டிக்கொடுக்கும். முருங்கைக்காயை ஒடித்துப் பார்க்கிற நம் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசையில் இரண்டொரு தண்டை மட்டும் அவள் கொய்யாமல் விட்டாள். ஏனென்று கேட்டேன். அவைதாம் கடிகாரம் என்றாள். விட்ட தண்டு சுருள் நீங்கி நேரே நிமிர்ந்து நிற்குமாயின், மண்ணுக்குள்ளே குமிழ் முற்றி வருகிறது என்பது குறிப்பாம். தண்டு கொய்து மூன்று நான்கு வாரங்களில், கீழிலைகள் மஞ்சளிக்கத் தொடங்கும்போது, பூண்டைத் தோண்டி எடுத்து நிழலிற் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

தண்டைக் கொய்வது சுவைக்காக மட்டுமன்று. கொய்யாது விட்டால் செடியின் சத்தில் ஒரு பங்கு மேலே ஏறி, அங்கே பூவோடு பூவாகக் கடுகினும் சற்றுப் பெரிய சிறு குமிழ்கள் திரளும். மண்ணுக்குள் இருக்கும் குமிழோ சிறுத்துப்போகும். எனவே அங்குள்ள உழவர் ஆண்டுதோறும் ஆனியில் இதனைக் கொய்தே தீரவேண்டும். நெடுங்காலம் பலர் அதைக் குப்பையாகவே எண்ணி வரப்பில் எறிந்தார்கள். சீனரும் கொரியரும் அப்படி எறியவில்லை. சீனத்தில் அது சந்தைக்கு வரும் காய்கறி. கொரியாவில் உலர்ந்த சிற்றிறாலுடன் சேர்த்துச் சோயாச்சாறும் சர்க்கரையும் விட்டு வதக்குகிறார்கள். என் தங்கையின் வீட்டில் சோயாச்சாறு இல்லை. தண்டை விரலளவு துண்டுகளாக நறுக்கி, நெத்தலிக் கருவாட்டைப் பொரித்தெடுத்த எண்ணெயிலேயே வெங்காயமும் செத்தல் மிளகாயும் இட்டுத் தாளித்து, தண்டைப் போட்டு மூடாமற் கிளறி, நெத்தலியைக் கடைசியிற் சேர்த்தாள். பூண்டின் காரம் பாதி தணிந்து, பயற்றங்காயின் முறுமுறுப்பும் ஒருவித இனிப்பும் கொண்டிருந்தது அக்கறி. ரொட்டியுடன் உண்டோம். மீந்த தண்டுகள் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் வாடாமல் இருந்தன. பச்சையாக எண்ணெயிலிட்டுப் போத்தலில் அடைத்து அடுக்களைத் தட்டில் வைப்பது மட்டும் ஆகாது. காற்றுப் புகாத எண்ணெயினுள் உயிர்க்கொல்லி நஞ்சொன்று உண்டாகக் கூடும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் எச்சரிப்பதை அவள் மறவாமற் சொன்னாள்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். அவள் பூண்டுத் தண்டு என்றாள். பக்கத்துத் தெருவில் வாழும் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் உள்ளித்தண்டு என்கிறாராம். பெயரைப் பற்றி இங்கே சிறிது நின்று பேச விரும்புகிறேன். ஆசிரியனுடைய பழக்கம், பொறுத்தருள்க. ‘பூண்டு’ என்றால் தமிழிற் சிறு செடி என்றே பொருள். புல் பூண்டு என்கிறோம் அல்லவா? வெண்ணிறமான குமிழையுடைய பூண்டாதலின் வெள்ளைப்பூண்டு. பிற்காலத்தில் அடைமொழி தேய்ந்து வெறும் பூண்டாயிற்று. ஆயிரம் செடிகளுக்குப் பொதுவான பெயரை ஒரு செடி தனதாக்கிக்கொண்டது. ‘உள்ளி’யோ மிகப் பழைய திராவிடச் சொல். தெலுங்கர் வெங்காயத்தை உல்லி என்பர். பூண்டு அவர்களுக்கு வெல்லுல்லி. மலையாளத்தில் வெளுத்துள்ளி, கன்னடத்தில் பெள்ளுள்ளி. தமிழகத்தில் அருகிவிட்ட அச்சொல்லை யாழ்ப்பாணத்தார் இன்றளவும் அடுக்களையிற் காத்து வருகின்றனர். நாம் மலைநாட்டார், நம் முன்னோர் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கொண்டுவந்த வெள்ளப்பூடு என்ற வழக்கையே கொண்டுள்ளோம். பாடநூலில் உள்ளி என்றிருப்பதைப் பார்த்து என் மாணவன் ஒருவன், “சார், அது வேற காயா?” என்று கேட்டதுண்டு.

இலைக்குத் தாள் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. வெங்காயத்தாள் என்று நாடோறும் வழங்குகிறோம். எனவே பூண்டின் இலையைப் பூண்டுத் தாள் என்றும், நடுவில் எழும் பூவின் தண்டைப் பூண்டுத் தண்டு என்றும் பிரித்து வழங்குவதே நேர் என்பது என் கருத்து. தாள் தட்டை, தண்டு உருண்டை. தாளை எப்போதும் கிள்ளலாம், தண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பொருள் இரண்டாயிருக்கச் சொல் ஒன்றாயிருத்தல் வேண்டா.

இனி வானத்தின் பங்கைப் பார்ப்போம். பூண்டு தண்டு விடுவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, நட்ட பல் பல வாரங்கள் 10 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் உறங்குதல். இரண்டாவது, உறங்கி எழுந்தபின் நீண்ட பகல். ஒன்ராறியோவில் ஐப்பசியில் ஊன்றிய பல் மார்கழி முதல் பங்குனி வரை பனியின்கீழ்க் கிடக்கிறது. ஆனியில் அங்கே பகற்பொழுது 15 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. நம் பதுளையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருப்பது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் தை மாதத்து இரவுகள் எலும்பைத் தொடுவது உண்மையே. ஆனால் விடிந்து வெயில் ஏறியதும் குளிர் கலைந்துவிடுகிறது. பூண்டு அதனை உறக்கம் என்று கொள்வதில்லை. இலை விடுகிறது, சிறு குமிழும் வைக்கிறது, தண்டு விடுவதில்லை. அன்றியும், தண்டு விடும் இனம் வேறு, பெரும்பாலும் தண்டு விடாத மென்கழுத்து இனம் வேறு.

திரும்பி வரும்போது பத்துப் பற்களைப் பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்றாள் தங்கை. நான் மறுத்துவிட்டேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சியது ஒருபுறம். அச்சட்டத்தின் நியாயத்துக்கு அஞ்சியது மறுபுறம். பூண்டோடு வரும் வெண்ணழுகல் என்னும் பூஞ்சண நோய் ஒருமுறை மண்ணிற் புகுந்தால் இருபது ஆண்டானாலும் அகலாது. வெங்காயமும் லீக்சும் அதற்கு இரை. வெலிமடை விவசாயியின் லீக்ஸ் பாத்தியை என் ஆசைக்குப் பணயம் வைப்பதற்கு நான் யார்?

ஆகவே கடைப் பூண்டைக் கொண்டே சோதனை செய்தேன். கடைப் பூண்டு என்றால் இன்று பெரும்பாலும் சீனத்துப் பூண்டு. உலகின் பூண்டு விளைச்சலில் மிகப் பெரும்பகுதி அந்நாட்டினுடையது. 2023 ஐப்பசியில், பாதிப் பற்களை ஆறு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தும், பாதியை அப்படியேயும் ஊன்றினேன். அடுத்த ஆண்டும் ஊன்றினேன். குளிரில் வைத்தவை முந்தித் திரண்டன. பல் பிரிந்து ஓரளவு குமிழாகவும் அமைந்தன. குளிரில் வையாதவற்றிற் பல, பிரியாத ஒற்றைப் பல்லாகவே நின்றன. தண்டு ஒன்றுகூட எழவில்லை. ஒப்பந்தக் காலத்தில் இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, இன்று நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கம் வாழும் என் மாமா மகனைத் தொலைபேசியிற் கேட்டேன். அங்கே பூண்டு பெரும் பயிர். மேட்டுப்பாளையத்துச் சந்தைக்கு மூட்டை மூட்டையாய் இறங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடே பெற்றுள்ளது. வெப்பவலய மலையிற் பூண்டு விளையாது என்ற பேச்சுக்கு அவ்விரு மலைகளும் மறுமொழி. ஆயினும், “இல்ல மச்சான், தண்டு நா பாத்ததில்ல” என்றான் அவனும்.

தண்டு கிடைக்கவில்லை, தாள் கிடைத்தது. நட்ட நாற்பதாம் நாள் தொட்டுச் செடிக்கு ஓரிலை வீதம் கிள்ளிக்கொண்டோம். தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், பூண்டுத் தாள், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்து, தேசிக்காய் பிழிந்த சம்பல் என் வீட்டில் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கொழுந்து மழையில் நனைந்து வந்தவர்க்கு வைக்கும் இரசத்திலும், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் குழம்பிலும் பல்லுக்குப் பதில் தாளைக் கிள்ளிப் போடலாம். காரம் குறைவு; மணம் உண்டு.

தண்டின் ஆசை விடாதவர்க்கு வடக்கே ஒரு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் சின்ன வெங்காயம் குளிர்மாதங்களிற் பூத்தண்டு விடுவதுண்டு. வெங்காயத் தண்டு உள்ளே குழலாயிருக்கும், பூண்டுத் தண்டுபோல் நிறைந்ததன்று. எனினும் மொட்டு வெடிக்குமுன் ஒடித்து வெங்காயப்பூ வறையாகச் சமைப்பதை அவ்வூரார் நன்கறிவர். கிழங்குக்குக் கேடு என்று கிள்ளியதைக் கறியாக்கிய அந்த மதிநுட்பமும் ஒன்ராறியோத் தங்கையின் மதிநுட்பமும் வேறுவேறல்ல. நம் பதுளைச் சந்தையில் வெங்காயத்தாள் கட்டுக்கட்டாய்க் கிடக்கிறது. பூத்தண்டு விற்கக் கண்டிலேன்.

வானத்தின் பங்கு இவ்வளவே. காணி உறுதியின் பங்குக்கு வருகிறேன்.

1974ஆம் ஆண்டு. எனக்கு வயது ஒன்பது. 1973லும் 1974லும் தோட்டங்களில் நிலவிய பஞ்சத்தை நேரிற் கண்டவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. மாவுக்கு வரிசை, அரிசிக்குப் பங்கீடு. பூண்டு கடையில் அரிதாயிற்று. அந்நாளில் என் தாயார் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயி ஒருவரின் தோட்டத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டிக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக ஒரு கை நிறையப் பூண்டுப் பல் வாங்கி வந்தார். எங்கள் லயத்தின் கோடியில், பீலிக்கரைக்குப் போகும் வழிக்கு மேலே, இரண்டு பாய் அகலத்தில் எங்களுக்கு ஒரு கொல்லை இருந்தது. எங்களுக்கு என்று சொன்னேன், அது சொல்வழக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் எங்களுடையதன்று, அதன் பின்னால் கிடந்த மண்ணும் எங்களுடையதன்று. துரைக்கு மனமுள்ளவரை வெட்டிக்கொள்ளலாம், அவ்வளவே.

அக்கொல்லையில் வழக்கமாக முளைக்கீரை. மூன்று நான்கு வாரத்தில் அறுத்துவிடலாம். முள்ளங்கி, ஆறேழு வாரம். அம்மா முதன்முதலாக நீண்ட பயிரொன்றை அதில் வைத்தார். நான்காம் மாதம், செடி முழங்காலளவு நின்றபோது, கணக்கப்பிள்ளை வந்து, இந்தச் சரிவில் புதுக் கன்று நடப்போகிறோம், மூன்று நாளில் வெறுமையாக்கிவிடுங்கள் என்று சொல்லிப்போனார். அவரைக் குறை சொல்லேன். மேலிருந்து வந்ததை அவர் கீழே இறக்கினார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் பெரட்டுக்குப் போய்வந்து, மாலையில் எல்லாச் செடியையும் பிடுங்கினார். அடியில் பல் பிரியாத வெண்மையான சிறு முண்டு, சுண்டுவிரல் நுனியளவு. அதைக் காயவைத்துப் பயனில்லை. வேர், முண்டு, தாள் எல்லாவற்றையும் கழுவி நறுக்கி, ஒரே சட்டியில் புளி விட்டுக் குழம்பு வைத்து, லயத்தில் ஆறு காம்பராவுக்கும் பகிர்ந்தார். பஞ்ச காலத்தில் அன்று மட்டும் லயம் முழுவதும் பூண்டு மணத்தது. குழந்தைகள் நாங்கள் அதை விருந்தென்றே எண்ணினோம். அம்மா உண்ணவில்லை என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே நினைத்துப் பார்த்தேன். அதன்பின் அவர் நீண்ட பயிர் எதையும் அந்த மண்ணில் வைத்ததில்லை.

பயிரை அறிந்தவன் நிலத்தின் உரிமையையும் அறிவான் என்பது இதனால் எனக்கு விளங்கிய உண்மை. ஊவாவின் எந்தத் தோட்டத்துக்கும் சென்று லயத்துக் கொல்லைகளைப் பாருங்கள். கீரையும் முள்ளங்கியும் போஞ்சியும் மிளகாயும் இருக்கும். நம்மவர்க்கு விவசாயம் தெரியாது, சோம்பேறிகள், கீரைக்கு மேல் எண்ணமில்லை என்று பேசுவாரைக் கற்றவர்களிடையே நான் கேட்டிருக்கிறேன். 200 ஆண்டுக்காலம் ஒரு நாட்டின் மலைகளையே பயிராக்கியவர்க்கு விவசாயம் தெரியாதாம்! ஐப்பசியில் ஊன்றி ஒன்பது மாதம் கழித்து ஆடியில் எடுக்கும் பயிரை என் தங்கை வைக்கிறாள் என்றால், அவ்வொன்பது மாதமும் எவரும் வந்து வெறுமையாக்கு என்று சொல்லமாட்டார் என்னும் நம்பிக்கை அவளுக்கு உண்டு. இந்நாட்டிலேயே இருந்திருந்தால் அவளும் கீரையே விதைத்திருப்பாள்.

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடையினால் விளைச்சல் வீழ்ந்து, அந்நியச் செலாவணியும் வற்றிய வேளை. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அத்தியாவசிய சேவைகள் நீங்கலான அரசாங்க ஊழியருக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கினார்கள். நல்ல எண்ணமே. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்த வெள்ளிக்கிழமை இல்லை. இருந்திருந்தாலும் கொத்துவதற்கு அவள் பெயரில் மண் இல்லை. அன்று வானொலியில் வீட்டுத்தோட்டப் பாடல்கள் முழங்க, எங்கள் பக்கத்தில் ஒரு கிழவி சிரித்துக்கொண்டே, “வீடும் இல்ல, தோட்டமும் நம்மளது இல்ல, வீட்டுத் தோட்டமாம்” என்றாள். அந்த ஆண்டில் இதனினும் சிறந்த தலையங்கம் நான் படிக்கவில்லை.

2015க்குப் பின் வந்த வீடமைப்புத் திட்டங்களில் தோட்டக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் என்றார்கள். பின்னர் 10 பேர்ச் என்று பேச்சு உயர்ந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடு 550 சதுர அடி. மீதம் 1,350. சரிவு நிலமாதலின் தாங்குசுவரும் பாதையும் மலசலகூடக் குழியும் அதிற் பாதியைத் தின்றுவிடும் என்று கொள்வோம். இருப்பினும் 100 சதுர அடிப் பாத்திக்கு இடமுண்டு. ஆறங்குல இடைவெளியில் ஊன்றினால் 400 பல். நாளுக்கு ஒரு பூண்டு என்று தாராளமாகச் செலவிடும் குடும்பத்துக்கும் ஓராண்டுக்குப் போதும். நம் பூண்டு சிறுத்ததாயின் அரையாண்டுக்கு வரட்டுமே. சரிவில் மண்ணை வெறுமையாகக் கொத்திவிடுவது ஆபத்து என்பதையும் மறைக்க மாட்டேன். 2014 ஐப்பசியில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட மாவட்டம் இது. குறுக்கு வரப்பும் கல்லணையும் வைக்கோல் மூடாக்கும் இல்லாமற் பாத்தி போடலாகாது. ஆனால் கல்லணை கட்டுவதும் ஒருநாட் காரியமா? நாளை தனதாயிராத மண்ணுக்கு எவன் கல் சுமப்பான்?

வீட்டைக் கட்டித் திறப்பதில் நம் தலைவர்கள் காட்டும் ஆர்வத்திற் பாதியையேனும் உறுதியைக் கையிற் கொடுப்பதிற் காட்டல் வேண்டும். நாடா வெட்டும் படம் பத்திரிகையில் வருகிறது. காணி உறுதிக்கு நாடா இல்லை. அதனாலோ என்னவோ அது பின்தங்குகிறது. வீடு கிடைத்து ஆண்டுகள் கழிந்தும் உறுதி கிடையாத குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுடைய கொல்லையில் இன்றும் கீரைதான்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். நம் பாடசாலைத் தோட்டங்களும் லயத்துக் கொல்லையையே பின்பற்றுகின்றன. மூன்றாந் தவணையில் ஊன்றினால் முதலாந் தவணையில் எடுக்கவேண்டிய பயிரை நாம் வைப்பதில்லை. விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது, அதற்குள் வகுப்பு மாறிவிடுமே என்று தவணைக்குள் முடியும் முள்ளங்கியோடு நின்றுவிடுகிறோம். நானும் அப்படியே நின்றவன். பண்டாரவளையிலும் ரகன்கலையிலும் சீத்தாஎலியவிலும் விவசாயத் திணைக்களத்துக்கு ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. நம் உயரத்துக்கும் நம் பகலுக்கும் ஏற்ற பூண்டு எது என்று ஒரு மாணவன் கடிதம் எழுதிக் கேட்கட்டும். ஒரு பாத்தியிற் குளிரில் வைத்த பல், மறுபாத்தியில் வையாத பல் என்று ஊன்றி அளந்து எழுதட்டும். தண்டு ஏன் வரவில்லை என்ற வினாவிலிருந்து பூமியின் சாய்வு வரையில் ஒரு தவணைப் பாடம் நடத்தலாம். நான் நடத்தாமற் போனது எனக்குக் குறையே.

இவ்வாண்டு ஐப்பசியில், என் அக்காள் மகனுக்குக் கிடைத்த புது வீட்டின் பின்புறம் கல்லணை கட்டி ஒரு பாத்தி போட்டோம். எண்பது பல் ஊன்றினோம். எல்லைக்கல் எங்கே வரும் என்று அவன் கேட்டான். அளவைக்காரர் இன்னும் வரவில்லை. அதனால் வேலியோரத்தில் இரண்டடி விட்டே ஊன்றியிருக்கிறோம். சென்ற வாரம் பார்த்தபோது முளை மூன்றங்குலம் எழும்பியிருந்தது.